படிகளின் நெற்றி

வல்பரைசோவில் மேடேறாமல்
ரொட்டிகூட வாங்க முடியாது.
துறைமுகத்திலிருந்து எங்கள் குன்றுக்கு
அறுபத்து மூன்று படிகள்.
கூரைத் தகரம் யாருக்கு என்று முடிவு செய்யும்
நகராட்சி இயந்திரத்தின் கேள்விகளும்
அறுபத்து மூன்று.
அதிசயப் பொருத்தம் என்றேன்.
யாஸ்னா வாளியைக் கீழே வைத்தாள்:
"படிகள் அறுபத்தேழு.
கடைசி நாலை நான் எண்ணவில்லை."

நான் கடிதம் மடிக்கிறவன்.
உங்கள் மதிப்பெண் நாற்பத்தொன்று,
இம்முறை உதவி இல்லை, நன்றி.
மூன்றாய் மடித்தால் 'நன்றி' மட்டும்
உறையின் கண்ணாடித்தாளில் தெரியும்.
ஏன் என்று கேட்டு வந்தவர்களிடம்
கணினி சொல்கிறது என்பேன்.
அது ஒன்றும் சொன்னதில்லை.
பத்து வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது
நான்தான்.

மனு, மறுமனு, நீதிமன்றம்,
பதினோரு மாதம் கழித்து ஓர் அட்டவணை வந்தது.
எந்தக் கேள்விக்கு எவ்வளவு எடை,
எறும்புச் சாரியாய் எண்கள்.
படித்தவர்களும் படிக்கவில்லை அதை.
யாஸ்னா கப்பலுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளை
விலை பேசி வாங்கினாள்.
ஒவ்வொரு படியின் நெற்றியிலும் ஒரு கேள்வி,
அதன் எடைக்கு ஏற்ற உயரத்தில் வண்ணம்.

வீட்டில் எத்தனை பேர்? ஒரு விரற்கடை.
மழை உள்ளே வருகிறதா?
கண்ணை இடுக்கினால் தெரிகிற கோடு.
முப்பத்தெட்டாம் படி மட்டும்
விளிம்பு முதல் விளிம்பு வரை மஞ்சள்:
ஐந்து வருடத்தில் எத்தனை முறை முகவரி மாறினீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை. கடல்மூட்டம் விலகவில்லை.
உங்கள் மதிப்பெண்ணை அதிகம் தின்ற கேள்வி எதுவோ
அந்தப் படியில் நில்லுங்கள் என்றாள்.
எது என்று அச்சடித்துக் கொடுத்தவன் நான்.
கேட்டால் கொடுக்கலாம் என்று விதி இருந்தது.
கேட்கலாம் என்று
நான்தான் யாரிடமும் சொன்னதில்லை.

முதலில் கிரேன் ஓட்டும் நோல்பெர்த்தோ,
மண் சரிந்து நாலு வீடு மாறியவன்.
பிறகு இரட்டைக் குழந்தைக்காரி.
பிறகு வாடகை ஏறி ஏறி
குன்றின் உச்சிக்குத் தள்ளப்பட்டவர்கள்.
முப்பத்தெட்டில் இடமில்லை.
ஒற்றைக் காலில் நின்றார்கள்,
ஒருவர் தோளை ஒருவர் பிடித்து.
மழை உள்ளே வரும் படியில்
ஒரு நாய் படுத்திருந்தது.

இயக்குநர் காரில் வந்து
மேலே இறங்கினார்.
எட்டிப் பார்த்தார்.
"எங்கே வரைந்திருக்கிறீர்கள்?
எனக்கு வெறும் சிமென்ட்தான் தெரிகிறது."
அவர் பொய் சொல்லவில்லை.
மேலிருந்து பார்த்தால்
படிக்கு நெற்றி கிடையாது.

"இறங்கி வாருங்கள்" என்றாள் யாஸ்னா.
வந்தார், கைப்பிடிக் கம்பியைப் பற்றி,
மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று
ஆட்களுக்கு நடுவே உடம்பை நுழைத்து.
கீழே வந்து திரும்பினார்.
நெடுநேரம் பார்த்தார்.
என்ன நினைத்தார் என்று எழுத
எனக்கு அட்டவணை கிடைக்கவில்லை.
முப்பத்தெட்டு என்று
உள்ளங்கையில் எழுதிக்கொண்டதை மட்டும் பார்த்தேன்.

தலையெழுத்தை யாரால் படிக்க முடியும் என்பார்கள்.
அவரவர் நெற்றி அவரவர்க்குத் தெரியாதுதான்.
எதிரே நிற்பவருக்குத் தெரியுமே,
எழுதியவன் கைக்குத் தெரியுமே.

ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.
எதுவினா போகவில்லை.
அவள் படி ஐம்பத்தொன்று.
அந்த ஒரு வரியை மட்டும்
வணிக ரகசியம் என்று கறுப்படித்திருந்தது கம்பெனி.
யாஸ்னா அதில் எதையும் தீட்டவில்லை,
ஊகித்துக்கூட.
பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்தார்கள்.
எதுவினா அதன் மேல் உட்கார்ந்து
பையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தாள்.

"இங்கே என்னைப் பற்றி
என்ன கேட்டார்கள்?"

நான் வாயைத் திறந்தேன்.
கணினி என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
அவள் நகர்ந்து
பக்கத்தில் இடம் விட்டாள்.
சிமென்ட் சில்லிட்டது.