ஏழு கிலோ

பாமசியில் கூட்டம் குறையும் மூன்று மணிக்கு
இருமல் மருந்து விளம்பரத் தாளின் பின்பக்கத்தில்
நைல் நதியை வரைந்து காட்டினாள் ஷஹ்மிலா.
கீழிருந்து மேலே ஓடுகிற நதி.
"இது அஸ்வான். அதுவரை ரயில், மூன்றாம் வகுப்பு.
இது நாங்கள் படுக்கப்போகிற இடம்.
எட்டுக் கட்டில், ஒரு மின்விசிறி,
காலைக்கு அவித்த அவரை."

"வெயிலுக்கா காசு கட்டிப் போறீங்க?"
மாத்திரை அலுமாரிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார்
கணக்குப் பார்க்கிற ஜெபநேசன்.
"வெளியே போய் நில்லுங்க. இலவசம்."

அவருக்கு எப்படிச் சொல்வது.
கொழும்பு வெயில் கழுத்தில் ஏறி உட்காருகிற வெயில்.
வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் என் துவாய்
வாங்கிய நாளிலிருந்து முழுதாய்க் காய்ந்ததில்லை.
கடல் உப்பு சாவித்துளைக்குள்ளும் குடிவந்துவிட்டது.
தோய்த்த சட்டை ஒரு மணி நேரத்தில்
அப்பளம்போல் மொறுமொறுக்கிற வெயில்
எங்கேயோ இருக்கிறதாம்.
அதைப் பார்க்கத்தான்.

கொப்பி ஒன்று போட்டோம்.
இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு,
நடுவில் டொலர் விலை, பென்சிலால்.
பேனாவால் எழுதிக் கிழித்த பக்கங்கள் போதும்.

நாளுக்கு இருபத்திரண்டு டொலர், இரண்டு பேருக்கும்.
தண்ணீர்ப் போத்தல் தனிக் கணக்கு,
கழிப்பறைச் சில்லறை தனிக் கணக்கு.
எல்லாக் கல்லறைக்குள்ளும் இறங்கமுடியாது,
நுழைவுச்சீட்டு விலை.
"ஒரு அரசன் போதும்," என்றாள்,
"செத்தபிறகு எல்லாரும் ஒன்றுதான்."

விசாவுக்கு வங்கியில் பணம் படுத்துத் தூங்கவேண்டுமாம்.
எங்கள் பணம் தூங்கிப் பழகாதது.
இருவருடையதையும் கூட்டினால்
ஒருத்தி போகலாம் என்றது அந்தத் தாள்.

மிச்சத்துக்குச் சீட்டு. பன்னிரண்டு பேர், எனக்கு ஒக்டோபர்,
டிசம்பரில் பறப்பதாய் ஏற்பாடு.
அந்த ஒக்டோபரைத்தான்
மேல்மாடி திலகேஸ்வரி கேட்டு வந்தாள்.
மகனுக்குக் காதில் சத்திரசிகிச்சை.
வாசலிலேயே நின்றாள், செருப்பைக் கழற்றவில்லை.
கொடுத்தேன்.
நல்ல மனதால் அல்ல,
மறுக்கிற சொல் நேரத்துக்கு வரவில்லை.

அவளுடைய ஏப்ரல் இப்போது என்னுடையது.
"அப்போ ஜூன்," என்றாள் ஷஹ்மிலா,
இரண்டு நாள் என்னோடு பேசாமலிருந்த பிறகு.
"ஜூனில் அங்கே நாயும் நடக்காது. நாற்பத்தைந்து பாகை.
அறை பாதி விலை."
பாதி விலை என்பதை இன்னொரு முறை சொன்னாள்.
துவாய் பத்து நிமிடத்தில் காயும், என்றேன்.
சிரிக்கவில்லை.
இரண்டு வாடிக்கையாளர் போனபிறகு சிரித்தாள்.

விமானத்தில் ஏழு கிலோதான் இலவசம்.
கடைவாசல் எடை இயந்திரத்தில்
பையில்லாமல் ஏறினேன்: ஐம்பத்து மூன்று.
பையோடு: அறுபது.
உள்ளே கீரிச் சம்பா, பொதி பொதியாய்.
உடுப்பெல்லாம் பிறகு, முதலில் முதுகு பழகட்டும்.

ஞாயிறு மாலை மரைன் டிரைவில் நடந்தோம்.
முச்சக்கர வண்டி ஒன்று பக்கத்தில் ஊர்ந்தது.
"எயார்போட்டா, மிஸ்?"
"பம்பலப்பிட்டி."
அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
விலையைக் குறைத்தார்.
நாங்கள் இன்னும் குறைத்தோம்.
அவர் சம்மதித்தபிறகும் ஏறவில்லை.

போகிற ஊரில் மழையே இல்லையென்று
பைக்கு மழையுறை வாங்கவில்லை,
கொப்பியில் அது மிச்சம்.
ரயில் பாதைக்கு அப்பால் கடல் கறுத்தது.
ஓடி ஒதுங்குமுன் முதுகு நனைந்துவிட்டது.
இப்போது எட்டுக் கிலோ இருக்கும்.

நாளைக்கு அரிசியைக் காயப்போடவேண்டும்,
வெயில் வந்தால்.