பாதி முகம்

இக்கிட்டோஸில் அந்த மாதம்
ஆக்சிஜன் சிலிண்டருக்கான வரிசை
ஆற்றுத்துறை வரைக்கும் போனது.
அதில் நானூற்றுப் பன்னிரண்டாவது ஆள்
என் எலியாசர்,
தன் அண்ணனுக்காக.

நான் மூன்றாம் மாடியில்.
பிள்ளை பெற்று நாலு நாள்.
காய்ச்சல் எனக்கு, பசி அவளுக்கு.

"மூச்சில்தான் வரும், பாலில் வராது"
என்றாள் நர்ஸ் சுல்மீரா,
கண்ணாடிக்குள் வியர்த்தபடி.
நிச்சயமா?
"இன்றைக்குத் தெரிந்தவரை."
அந்த ஒரு வார்த்தைக்காக அவளை நம்பினேன்.

சோப்பு. இருபதுவரை எண்ணு. மறுபடி சோப்பு.
விரல்நுனியில் தோல் உரிந்தது.
முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு
குழந்தையைக் கையில் வாங்குவேன்,
கைமாற்று வாங்குகிறவள் மாதிரி.
முத்தம் கிடையாது.
இருமல் வந்தால்
மார்பை அவளிடம் விட்டுவிட்டு
முகத்தைச் சுவருக்குக் கொடுப்பேன்.

மழை மணக்கவில்லை, பினாயில் மணக்கவில்லை,
அவள் உச்சந்தலைகூட.
பால் மட்டும்
ஊர்ச் செய்தி எதுவும் காதில் விழாததுபோல்
சுரந்துகொண்டே இருந்தது.

சிலிண்டர் கிடைத்த அன்று
அது தேவைப்படவில்லை.
பின்னால் நின்றவரிடம் கொடுத்துவிட்டு
ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான் எலியாசர்.
பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.
வேறென்ன காட்ட?

முப்பத்தோராம் நாள்
வீட்டில், கவசத்தைக் கழற்றினேன்.
குடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.
கடைவாயில் பால் வழிய
என் வாயையே பார்த்தாள்,
கதவு தட்டாமல் உள்ளே வந்த
யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல்.
பிறகு வீறிட்டாள்.

கண்ணுக்குக் கீழே
கையால் மூடிக்கொண்டேன்.
அழுகை நின்றது.

ஒவ்வொரு விரலாக
எடுத்தேன்.