தீக்குச்சி

சுரங்கத்தில் இறங்கும் முன்
பாக்கெட்டுகளைத் தடவிப் பார்ப்பார்கள்.
ஒரு தீக்குச்சி அகப்பட்டாலும்
அன்றைக்கு வேலை கிடையாது.
கீழே மீத்தேன்.
ஓத்மாருக்கு இருபத்தொன்பது வருஷம் அப்படி.

மேலே வந்ததும் முதல் காரியம் பற்றவைப்பது.
கர்வினாவில், எங்கள் அடுக்குமாடிப் படிக்கட்டில்
குச்சி உரசும் சத்தம் கேட்டால்
சூப்பை அடுப்பில் ஏற்றுவேன்.
ஆள் முழுசாக வந்துவிட்டார் என்று அர்த்தம்.

இப்போது இடுப்பில் இரண்டு திருகாணி,
நுரையீரலில் கரித்தூள்,
தூங்கவிடாத ஒரு கால்.
கஞ்சா, மருந்துக்கடையில்,
சீட்டோடு, பத்து கிராம், கையெழுத்துப் போட்டு.
காகிதத்தில் சுருட்டிப் பிடித்தார்.
வலி விட்டது, இருமல் பிடித்தது.
எண்ணினேன்:
ஒரே ராத்திரியில் நாற்பத்தாறு.

டாக்டர் ஷ்டெபான்கோவா திட்டவில்லை.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து,
"இதற்குள்ளா இன்னும் புகை?" என்றாள்,
அவ்வளவுதான்.

அப்படி வந்தது இந்தக் கருவி.
மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு.
நூற்று எண்பத்தைந்து டிகிரி வந்ததும்
கைக்குள் ஒருமுறை சிலிர்க்கும்.
இலை எரியாது, வேகும்.
நெருப்பில்லாமல் புகையாது என்பது சரிதான்;
புகையவில்லை.
வருவது ஆவி.
ஆவியை விடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன்,
இழுப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஒரு வாரம் முழுக்க முனகல்.
தொண்டையைக் கடிக்கவில்லையாம்.
வெந்நீரை முகர்கிற மாதிரியாம்.
சாம்பல் தட்ட மத்திமீன் டப்பாவைத் தேடினார்.
சாம்பலே இல்லை,
வறுத்த தேயிலை போலப் பழுப்பாக ஏதோ.
என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
ஜெரேனியத் தொட்டியில் கொட்டினேன்.

இருமல் பதினொன்றுக்கு இறங்கியது.
சொன்னேன்.
பதில் இல்லை.

நேற்று பால்கனிக் கண்ணாடி வழியே பார்க்கிறேன்:
கருவி முழங்காலில் சூடாகிக்கொண்டிருக்கிறது,
மனிதர் ஒரு குச்சியைக் கிழித்து
எதையும் பற்றவைக்காமல்
விரல் சுடும்வரை பிடித்திருக்கிறார்.
பிறகு அணைத்து, இழுத்தார்.

கதவைத் திறந்தேன்.
கேட்காமலே சொன்னார்,
தீயைப் பார்க்காமல் இழுத்தால்
இன்னும் கீழேயே இருக்கிற மாதிரி
இருக்கிறதாம்.

இன்று மருந்தோடு ஒரு தீப்பெட்டி வாங்கி
அவர் கோட்டுப் பையில் போட்டுவைத்தேன்.
யாரும் தடவிப் பார்க்கப் போவதில்லை.

இரவு பத்தரை.
பால்கனியில் உரசும் சத்தம்.
சூப்பை அடுப்பில் ஏற்றினேன்.