அறுப்பின் பண்டிகை ஏலம், திருமங்கலம்

ஒரு நாட்டுக்கோழி முட்டை நானூறுக்குப் போனது.
கிடாய்க்குட்டிக்காக
உசிலம்பட்டி அண்ணன் தம்பி
மல்லுக்கு நின்றார்கள்.

அடுத்து
கொரியா ஐயர் வீட்டம்மா கொண்டுவந்த சாடி.
முட்டைக்கோசு, வத்தல்பொடி,
மூடியை மீறிய புளித்த வாடை.

"ஒரு தரம்" என்றேன் மைக்கில்.
பந்தல் துணி படபடத்தது.
"ரெண்டு தரம்."

மகள் சோயோன்,
ஓய்வுநாள் பள்ளியில் சங்கீதத்தை
எங்கள் பிள்ளைகளைவிடத் திருத்தமாய்ச் சொல்பவள்,
பட்டுப்பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு
கூட்டத்தைப் பார்க்காமல்
என்னையே பார்த்தாள்.

ஏலம் விடுகிறவன் கேட்கக் கூடாது,
சபைக் கமிட்டித் தீர்மானம்.
"ஐநூறு" என்றது என் வாய்.
பொருளாளர் முறைத்தபடியே
ரசீது கிழித்தார்.

மூன்று வாரமாகிறது.
வீட்டில் கிருபாவதி
இன்னும் மூக்கைப் பொத்துகிறாள்.
ராத்திரி ராத்திரி
சாடி மட்டும் குறைகிறது.