மூடுங்க, திறங்க

காலை ஆறரை. ரத்தம் எடுக்கும் அறை.
ஏழு நாற்காலி, மூன்றாவது என்னுடையது.
சிவப்பு எண் மாறும்போதெல்லாம்
ஒரு கை வந்து ரெக்சின் திண்டின் மேல் படுத்துக்கொள்ளும்.
மால்டா கை, அகர்தலா கை,
குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டிய கை,
ஆம்பூர் ஷூ கம்பெனியின் பசை
நகக்கண்ணில் காய்ந்த கை.
எல்லோரும் சிஸ்டர் என்கிறார்கள்.
நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன்.
திருத்துவதை விட்டு நாலு வருஷமாகிறது.
நாலு மொழியில் எனக்குத் தெரிந்தது
இரண்டே சொல்:
மூடுங்க. திறங்க.

கை இங்கே இருக்கும்.
நான் இருக்க மாட்டேன்.
சத்துவாச்சாரியில் பூட்டிய வீட்டுக்குள்
சிலிண்டரை மூடினேனா இல்லையா என்று
அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன்.
அங்கிருந்து சீட்டுப் பணம் கட்டும் தேதிக்கு,
அங்கிருந்து நாத்தனார் எல்சி
ஈஸ்டர் விருந்தில், எல்லோர் முன்னாலும்,
எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்ன
ஒரு வார்த்தைக்கு.
அதற்கு இதுவரை நாற்பது பதில் தயாரித்திருக்கிறேன்.
ஒன்றும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

போன அக்னி நட்சத்திரத்தில்
நாற்பத்தொன்றாவது பதிலில் இருந்தேன்.
நல்ல பதில். அதன் கடைசி வரி
வந்துகொண்டிருந்தது.
ஊசி தவறிவிட்டது.
லேபிளில் தபன் பாருய், அறுபத்திரண்டு வயது.
தோலுக்கடியில் ஒரு நாவற்பழம்
என் கண்ணெதிரே பழுத்தது.
அவர் கத்தவில்லை.
அவர் மனைவி பஞ்சைத் தன் விரலால் அழுத்திக்கொண்டார்.
அவரோ
மறுகைச் சட்டையைத் தானே சுருட்டி
துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறவர் போல
முழங்கையைத் திருப்பி வைத்தார்.

திட்டியிருக்கலாம்.
திட்டியிருந்தால்
நாற்பத்திரண்டாவது பதிலுக்குப் போயிருப்பேன்.

கண்ணுக்குத் தெரிகிற நரம்பு
பாதி நேரம் நழுவிப் போகும்.
ஆள்காட்டி விரலுக்குத் தெரிவதுதான் நரம்பு.
பாலாற்றில் தண்ணீர் இல்லை என்பார்கள்
காட்பாடிப் பாலத்தில் பஸ்ஸில் போகிறவர்கள்.
மணலுக்கு அடியில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் உண்டு.
இப்போது தோண்டினால் என்ன வருமோ, தெரியாது.
ஆனால் இந்தக் கையில், கறுத்துத் தடித்த தோலுக்குக் கீழே,
விரல் நிற்கிறது, அமுங்குகிறது,
ஏதோ ஒன்று மெல்ல
விரலைத் திருப்பித் தள்ளுகிறது.

அந்த மூன்று விநாடியில்
எல்சி இல்லை.
சீட்டு இல்லை, ஈஸ்டர் இல்லை,
விரல் என்னுடையதா என்பதுகூட
சரியாகத் தெரியவில்லை.
மூடுங்க என்றேன். மூடினார்.
கண்ணாடிக் குழாயில் ரத்தம் ஏறியது.
திறங்க.

இதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன்.
பஸ்ஸிலேயே சிந்திவிட்டது.
கிரீன் சர்க்கிள் சிக்னலில்
எல்சி ஏறிக்கொண்டாள்.
வீட்டில் எனக்கு உதவுவது
இலவம்பாடி முள்ளுக்கத்திரி மட்டும்தான்:
நறுக்கும்போது மனசு வெளியே கிளம்பினால்
காம்பு முள் ஒரே குத்தில்
கூட்டிக்கொண்டு வந்துவிடும்.
சாதாரண கத்திரிக்காய் வாங்குகிற நாட்களில்
குழம்பு அடிப்பிடிக்கிறது.

சிலிண்டருக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன்.
திருகுகிற விரலை எடுக்காமல்
கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.
குமிழின் வரிவரியான பல்,
அதில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு,
இதற்குமேல் திரும்பாது என்கிற அந்த இடம்.
வாய்விட்டுச் சொல்கிறேன்,
மூடுங்க.
ஒருநாள் அவசரத்தில் வங்காளத்தில் சொல்லிவிட்டேன்.
ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த மகன் நிமிர்ந்து
யாரும்மா வந்திருக்காங்க என்றான்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகு
இன்றும் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.
அந்த விரலால் இந்த விரலைத் தொட்டுக்கொண்டேன்.
பிசுக்கு இருந்தது.
ஏறிவிட்டேன்.