மசாலா இல்லை

போனட்டில் உள்ளங்கையை வைத்ததும் தெரிந்துவிட்டது.
நான் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கியிருக்கிறார் ஊய்.
ஆறிக் கிடக்கும் வண்டி காலையில் எப்படி இருமும் என்பது
என் காதில் விழக் கூடாது.
"தக் அட மசாலா" என்றார், நான் எதுவும் கேட்பதற்குள்.
மலாயில் மசாலா என்றால் கோளாறு.
அது இல்லையாம்.
எங்கள் வீட்டில் மசாலா இல்லாத நாட்கள்
மாதக் கடைசியில் வரும்.

பக்கத்தில் ஏறியவர் முதலில் வானொலியைப் போட்டார்.
நான் முதலில் அதை அணைத்தேன்.
பிறகு ஏர்கோனை.
கண்ணாடிகளை இறக்கிவிட்டு
ஜெலுத்தோங்கில் நீண்ட மதில் ஒன்றை ஒட்டி
மெதுவாக ஓட்டினேன்.
வண்டி முணுமுணுப்பதை
மதில் கொஞ்சம் உரக்கச் சொல்லும்:
டிக், டிக். இடது முன்சக்கரம்.
வளைக்கும்போது மட்டும்.

பாயான் லெப்பாஸ் ஆலையில் பதினோரு வருடமாக
பூதக்கண்ணாடிக்குக் கீழே பச்சைப் பலகைகள் பார்க்கிறேன்.
ஈயம் மயிரிழை வழிந்திருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
ஊய்க்கு அது தெரியாது.
ஹெல்மெட்டில் முடி கலைந்து வந்த பொம்பளையிடம்
நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.
"சில்வர் நல்லது. அழுக்கு தெரியாது."

கடலோர நெடுஞ்சாலையில், எண்பதில்,
ஸ்டியரிங்கை ஒரு மூச்சளவு விட்டேன்.
மைவி மெல்ல இடப்பக்கம், கடல் பக்கம் சாய்ந்தது.
ஊயின் வலது கால்
அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.
அது நன்றாகப் பிடித்திருக்கும்.
இருக்கிற பிரேக்குக்குத்தான் லேசாக நடுக்கம்.

ரெலாவ் தாண்டி, பாயா தெருபோங் மேடு.
முன்னால் மணல் லாரி.
இரண்டாவது கியரில் மூச்சு வாங்கி, ஆனால் நிற்காமல் ஏறியது.
பரவாயில்லை, எனக்கும் அந்தக் கியர்தான்.
பின்னால் பார்த்தேன். நீலப் புகை இல்லை, வெறும் வெயில்.
அதற்குள் மனசு தவணை எண்ண ஆரம்பித்துவிட்டது:
இரவு ஷிப்ட் முடிந்து மழையில் மோட்டார்சைக்கிள் வேண்டாம்,
பின்சீட்டில் மகனின் பேட்மிண்டன் பை,
ஈரமில்லாத காலுறை.

உச்சியில், பஸ் நிற்குமிடத்தில் ஒதுக்கினேன்.
பெல்ட்டைக் கழற்றி, கடைசி வரைக்கும் இழுத்தேன்.
யாரும் அவ்வளவு இழுப்பதில்லை.
ஓர் உடம்புக்குப் பாதி போதும்.
மறுபாதியில், கழுவியவன் கை எட்டாத சுருளுக்குள்
ஒரு கோடு.
தே ஓ நிறம். விரலில் ஒட்டியது மண் தூள்.

ஊய் வானொலிப் பக்கம் கையை நீட்டி
மடக்கிக்கொண்டார்.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
சுங்கை பினாங் ஓரம், எங்கள் வீட்டுச் சுவரில்
இடுப்பு உயரத்துக்கு ஓடியது, ஒரு நவம்பர் விடியலில்.
மூன்று தடவை வெள்ளை அடித்தோம்.
மூழ்கிய ஐஸ்பெட்டியை வெயிலில் காயவைத்து
உள்ளே எலுமிச்சை தேய்த்து
முந்நூற்றைம்பது வெள்ளிக்கு விற்றேன்,
பக்கத்துக் கட்டடத்தின் நேப்பாளக் காவலாளிக்கு.
நன்றாக ஓடுமா அக்கா, என்றான்.
குளிரும், என்றேன்.
குளிர்ந்தது. ஏழு வாரம்.

"மகளுடைய வண்டி," என்றார் ஊய், வெளியே பார்த்தபடி.
"அவள் சிங்கப்பூர் போய்விட்டாள். கீழ்த்தளத்தில் நின்றது.
ஒரே ஒரு ராத்திரி."
ஒன்றா, இரண்டா என்று நான் கேட்கவில்லை.

பெல்ட்டை விட்டேன். உள்ளே போகவில்லை.
முழம் முழமாக ஊட்டிப் பார்த்தேன்.
அவரும் குனிந்து ஊட்டிப் பார்த்தார்.
தளர்ந்து மடியில் கிடக்க, அப்படியே இறங்கினோம்.

அடிவாரத்தில் தூறல்.
வைப்பரைப் போட்டேன்.
ஒருமுறை போய், யோசித்து, திரும்பி வந்தது.

"எவ்வளவு?" என்றேன்.

போனில் சொன்ன விலையை
ஊய் மறுபடி சொல்லவில்லை.