கண்ணாடி கழற்றிய பார்வை

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஆற்றுத் தண்ணீர்
காலை ஐந்து மணிக்கு, முக்கால் மணி நேரம்.
கீழ்வீட்டு பாக்கியத்தாய் படிக்கட்டில் நின்று
‘கிள்ளான்காரரே, தண்ணி வந்துட்டு’ என்பாள்.
கிள்ளானில் என்னை யாரும்
ஊர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

பாளையங்கோட்டையில் இது அறுபத்து மூன்றாவது நாள்.
மாடியில் ஓர் அறை, ஒரு வாளி, ஒரு குவளை,
அட்டைப்பெட்டியிலிருந்து இன்னும் எடுக்காத தொட்டில்.
கோகிலவாணி இருபது நாள் இருந்தாள்.
பள்ளிக்கூடத்தில் அவளுக்கு லீவு தீர்ந்தது.
பஸ் பட்டறையில் எனக்குச் சம்பளம் தீர்ந்தது,
லீவு இருக்கிறது.

வந்த புதிதில் டீக்கடை மைதீன் பிச்சையிடம்
எங்கள் ஊர் வழக்கப்படி ‘பசியாறிட்டீங்களா’ என்றேன்.
‘ஆறுறதுக்குப் பசி என்ன வெந்நியா?’
கடை மொத்தமும் சிரித்தது.
இப்போது அவரே கேட்கிறார்: ‘பசியாறியாச்சா அண்ணாச்சி?’
‘ஆச்சு வே’ என்கிறேன்.

கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ்.
குமாஸ்தா உச்சிமாகாளிக்கு என் முகம் தெரியும்,
என் நம்பர் மனப்பாடம்.
‘ஃபைல் மேலே போயிருக்கு. கீழே வந்ததும் சொல்லுதேன்.’
மேலே என்றால் மூன்றாவது மாடி.
ஒருநாள் ஏறிப் போய்ப் பார்த்தேன்.
பூட்டிய கதவு, ஓடும் மின்விசிறி.

போன வாரம் ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை.
ஃபைலுக்கும் விடுமுறை.
சும்மா இருக்க முடியாமல் ரதவீதிக்குப் போனேன்.
சாரல் காற்று வந்தது, சாரல் வரவில்லை.
கூட்டத்தில் பாதித் தோள்களில் பிள்ளைகள்,
என் தோளில் துண்டு.
தேர் நின்று நின்று நகர்ந்தது.
யாருக்கும் அவசரமில்லை.
எனக்கு எரிச்சலாக வந்தது.

செவ்வாயும் வெள்ளியும் மூன்று முதல் நாலரை வரை
பூரணியைப் பார்க்கலாம்.
வாசல் நோட்டில் பெயர், நேரம், உறவு எழுத வேண்டும்.
முதல்நாள் உறவுக்கு நேரே கோடு போட்டேன்.
இன்றும் கோடுதான்.
கொஞ்சம் நீளமாகப் போடுகிறேன்.

என் கண்ணாடியைக் கண்டால் வீறிட்டு அழுவாள்.
‘கழத்திட்டு வாங்க’ என்றாள் ஆயா.
அன்றிலிருந்து வாசலிலேயே கழற்றிச்
சட்டைப்பையில் போட்டுவிடுகிறேன்.
அது இல்லாமல் எனக்கு
உள்ளங்கை ரேகைகூடத் தெரியாது.
எனவே பூரணி என்பது
மஞ்சளாக ஒன்று, அதன்மேல் கறுப்பாக ஒன்று,
பவுடரும் ராகிக் கஞ்சியும் கலந்த வாசனை,
மடியில் எதிர்பாராத கனம்.
போனை உள்ளே விடமாட்டார்கள்.
ஃபைலில் ஒட்டிய படம் மூன்று மாதத்தில் எடுத்தது.
அதில் அவள் யாரோ போலிருக்கிறாள்.

இரவு கோகிலம் கூப்பிடுவாள்.
எனக்கு ஒன்பதரை, அவளுக்குப் பன்னிரண்டு.
கன்னத்தில் குழி விழுதா?
விழுது.
புருவம் அடர்த்தியா?
ஆமா, அடர்த்தி.
நாற்பது நாளாக ஒரு பிள்ளையை
நானாகவே வரைந்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
பல்லு வந்துட்டா என்றால் மட்டும்
பேச்சை மாற்றிவிடுவேன்.

இந்த வெள்ளிக்கிழமை
என் ஆட்காட்டி விரலைப் பிடித்தாள்.
முப்பது வருட கிரீஸ் ஏறிக் கறுத்த விரல்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள் போலும்.
பிறகு வாயில் வைத்துக் கடித்தாள்.

கீழே, ரெண்டு.
அரிசி நுனி மாதிரி.

‘பார்த்தீங்களா?’ என்றாள் கோகிலம்.
‘பார்க்கலை’ என்றேன்.
பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்,
குழி, புருவம், கண்ணாடி எல்லாவற்றையும்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
அங்கே தகரக் கூரையில் மழை பெய்வது கேட்டது.
வெகுநேரம் கழித்து,
‘எந்த விரலு?’ என்றாள்.

விடிந்ததும் குழாயடியில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன்.
தடம் ஒன்றுமில்லை.
எதிரே உள்ள விரலுக்கு
கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இல்லை.
வாளி நிறைந்து வழிந்து
படி வழியே இறங்கிப் போயிற்று.
கீழிருந்து பாக்கியத்தாய்,
‘தண்ணி வீணாப் போவுது! மேல என்ன செய்யிதிய?’